பள்ளத்தை நோக்கி ஒரு வீச்சு

எழுபதுகளின் பிற்பகுதியில், சவ்வாது மலைப் பள்ளியொன்றில் நான் தமிழாசிரியனாகப் பணியாற்றினேன். பயணியர் விடுதியை அடுத்துச் செம்மண் டென்னிஸ் களம் ஒன்று இருந்தது. அதன் வடபுறம் மேடு. தென்புறம் முள் நிறைந்த உண்ணிச்செடி மண்டிய பள்ளம். பந்து பள்ளத்தில் உருண்டால், புள்ளியைத் தவறவிட்டவரே இறங்கி எடுத்துவரல் வேண்டும் என்பது எங்கள் விதி. ஆதலின் எங்களுள் எவரும் பந்தை வீசி அடித்ததில்லை. மட்டையை அதன்மீது ஒற்றி நிறுத்திவிடுவோம்.

அப்பழக்கத்தோடு போளூருக்கு ஆடச் சென்று, அவ்வூர் எழுத்தர் ஒருவரிடம் படுதோல்வி கண்டேன்.

“இன்னா வாத்தியாரே, பந்த அடிக்கிறீங்களா, தோசை திருப்புறீங்களா?” என்றார் அவர். சூழ நின்றோர் சிரித்தனர்.

அடுத்த ஆண்டு அவர் மலைக்கு வருவதாக ஏற்பாடு. அதற்குள் முன்கை வீச்சைச் செம்மையுறக் கற்பதென்று உறுதி பூண்டேன். இடத்தோள் வலையை நோக்க, மட்டை இடுப்பின் கீழிருந்து எழுந்து, பந்தை உரசியவாறே ஏறி, இடத்தோளின்மேல் சென்று முடிதல் வேண்டும் என்று நூலொன்றில் படித்தேன். என் கையோ பந்தைத் தொட்டதும் நின்றுவிடும். பள்ளத்தின் அச்சம்தான்.

எனவே விடியல்தோறும் மேட்டை நோக்கியே அடித்தேன். மருத்துவ நிலைய மருந்தாளர் எதிரில் நின்று பந்தெறிந்தார்.

“கை பாதியிலயே நிக்குது சார். என் பின்னாடி மேடுதான், பயப்படாம வுடுங்க.”

மாதங்கள் சென்றன. ஒரு நாள் பந்து வலைக்கு மேல் உயர்ந்து, சட்டெனக் கவிழ்ந்து கோட்டினுள் இறங்கிற்று.

“இப்பத்தான் சார் சத்தமே மாறிச்சு” என்றார் அவர்.

எழுத்தர் வந்தார். போளூர்த் தோசைக் கதையை என்னிடம் கேட்டிருந்த மருந்தாளர் களத்தோரம் நின்றார். என் வெற்றிக்கு ஒரே புள்ளி எஞ்சிய வேளையில், நான் பள்ளத்தை நோக்கி நின்றிருந்தேன்.

“பாத்து வாத்தியாரே, முள்ளு குத்தும்” என்று சொல்லியே பந்தை என் வலப்புறம் அனுப்பினார்.

தோளைத் திருப்பினேன், முழுமையாக வீசினேன். பந்து உயர எழுந்தது. வெளியே போகுமென்று எண்ணி அவர் மட்டையைத் தாழ்த்திவிட்டார். அது கவிழ்ந்து, எல்லைக்கோட்டுச் சுண்ணாம்பைக் கிளப்பி, துள்ளிப் பள்ளத்துள் மறைந்தது.

சுண்ணாம்பில் பதிந்த தடத்தை அவர் குனிந்து பார்த்தார்.

“தோச வெந்துடுச்சுங்க” என்றார் மருந்தாளர். “எறங்கிப் போய் எடுத்துக்கினு வாங்க.”

எழுத்தர் சிரித்தவாறே உண்ணிச்செடிகளை விலக்கி இறங்கினார். பந்து அகப்பட நெடுநேரமாயிற்று. அவ்வளவு நேரமும் நான் மட்டையைத் தோளில் சாய்த்துக் களத்தின் நடுவே நின்றிருந்தேன்.