முன்னால் போன டயர்த் தடம்

இது இட்டுக்கட்டிய கதை இல்லை. போன நவம்பரில், பட்டப்பகலில், ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் கட்டிங் செக்‌ஷனில் வேலை பார்க்கும் பிரேம்நாத்துக்கு நடந்தது. நம்பாதவர்களோடு அவன் வாதாடுவதில்லை. அதற்கான தெம்பு இப்போது அவனிடம் இல்லை.

வேலூர் பக்கம் அமிர்தி போகும் வழியில், மலையடிவாரத்தில் எண்டூரோ பைக் போட்டி. மேடு, பள்ளம், ஓடை, சேறு என்று பதினான்கு கிலோமீட்டர் பாதை. அதை மூன்று சுற்று ஓட்ட வேண்டும். பிரேம்நாத்தும், அதே கம்பெனியில் வேலை பார்க்கும் அவன் தோஸ்த் முஜாஹித்தும் பேர் கொடுத்திருந்தார்கள். காலையிலிருந்தே அடைமழை. முதல் சுற்றிலேயே பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். முஜாஹித் விடவில்லை.

“சேத்துல ஓட்டத்தானேடா வந்தோம்!” என்று சிரித்தான்.

மூன்றாவது சுற்றில் கடைசியாக வந்தது இவர்கள் இருவரும்தான்.

மதியம் 3.25. ஓடைச் சரிவில் முஜாஹித்தின் பின்சக்கரம் வழுக்கியது. உருண்டு போய்ப் பாறையில் மோதினான். பைக் அவன் மேலேயே விழுந்தது. பிரேம்நாத் அதைப் புரட்டித் தள்ளினான். தொடையிலிருந்து ரத்தம். துணியால் இறுக்கிக் கட்டினான். இரண்டு போனிலும் சிக்னல் இல்லை.

“மூணு கிலோமீட்டர்ல செக்பாயிண்ட் இருக்குது. ஆள கூட்டினு வர்றேன். கண்ண மூடாத.”

“சீக்கிரம் வா. ஜாஸ்தி குளுருது.”

பாதையைக் காட்ட மரங்களில் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். மழையில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. அப்போது முன்னால் ஒரு பைக் சத்தம்... இவன் நின்றான். அதுவும் நின்றது. இவன் கிளம்பினான். அதுவும் கிளம்பியது.

ஒரு வளைவில் முதுகு தெரிந்தது. தலையிலிருந்து கால் வரை சேறு.

“ண்ணா! நில்லுங்கண்ணா!”

திரும்பவில்லை. ஆனால் சேற்றில் புதிதாக டயர்த் தடம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனான். நேராகத்தான் போனான். எங்கும் திரும்பவில்லை.

3.50. தடம் ஒரு சரிவில் இறங்கியது.

கீழே முஜாஹித் கிடந்தான்.

“ஆள் எங்கடா?”

“வழி தப்பிட்டேன்...”

“இப்பதான் வந்த. மேல நின்னு பாத்த. கூப்ட்டேன். பேசாம போய்ட்ட. இன்னாடா ஆச்சு உனக்கு?”

“நான் வரலடா.”

“உன்ன எனக்குத் தெரியாதா?”

மறுபடி கிளம்பினான். இந்த முறை தடத்தைப் பார்க்கவே இல்லை. நாடாவை மட்டும் பார்த்தான்.

4.20. அதே சரிவு.

4.45. அதே சரிவு...

பைக் அணைந்துவிட்டது. உதைத்து உதைத்துப் பார்த்தான். உயிர் வரவில்லை.

முஜாஹித்தின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

கத்தினான்.

மழை.

5.30. பிடித்திருந்த கை தளர்ந்தது.

டார்ச் வெளிச்சம் வந்தபோது மணி 6.15. போட்டி பார்க்க வந்திருந்த முஜாஹித்தின் அக்கா பில்கிஸ், தம்பி வராமல் நகர மாட்டேன் என்று மழையில் நின்று அழுததால்தான் தேட வந்தார்களாம். ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னார்.

மூன்றாம் நாள் முஜாஹித் வீட்டுக்கு, செக்பாயிண்டில் இருந்த இஷ்தியாக் அகமது வந்தார். கையில் போட்டியின் நேரத் தாள். பிரேம்நாத்தைப் பார்த்ததும் நேராக அவனிடம் வந்தார்.

“நாலு பத்துக்கு நீங்க வந்தீங்க. ஹெல்மெட்ட கழட்டல. பின்னாடி யாராச்சும் இருக்காங்களானு கேட்டேன். இல்லனு தலையாட்டினீங்க. கையெழுத்து போட்டுட்டு போய்ட்டீங்க. அத நம்பித்தான், இனி யாரும் வர மாட்டாங்கனு நாங்க எல்லாத்தையும் பிரிச்சிட்டு கிளம்பிட்டோம்.”

பில்கிஸ் தாளை வாங்கி பிரேம்நாத்திடம் நீட்டினாள்.

“இது உன் கையெழுத்து இல்லனு சொல்லு பிரேமு. எனக்கு அது போதும்.”

பிரேம்நாத் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

அவனால் சொல்ல முடியவில்லை.