டெல்லி ஜனவரிக்கு எழுபத்தெட்டாம் நம்பர் ஷட்டில்

2007 ஜனவரியில் டெல்லிக்குப் போனது ஊர் பார்க்க அல்ல, அலுவலகங்களுக்கு இடையிலான பேட்மின்டன் போட்டிக்கு. நானும் வசந்தாவும் ஆறு வருடமாக இரட்டையர் ஆட்டத்தில் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டுகிறவர்கள். அடுத்த மாதம் அவளுக்கு அந்தமானுக்கு மாற்றல். அதற்குள் சேர்ந்து ஒரு ஆட்டமாவது ஜெயித்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி.

பனிமூட்டத்தால் ரயில் ஐந்து மணி நேரம் தாமதம். மறுநாள் காலை ஏழு மணிக்கு, சாணக்யபுரி விடுதிக்குப் பக்கத்து அரங்கில் பயிற்சி. கடைசிக் கோட்டில் நின்று கீழிருந்து ஓங்கி அடித்தால், ஷட்டில் எதிர்ப்பக்கக் கடைசிக் கோட்டுக்கு இரண்டு, மூன்றடி முன்னால் விழ வேண்டும். சென்னை வெயிலில் ஒழுங்காகப் பறந்த எங்கள் 76-ஆம் நம்பர் ஷட்டில், இந்தக் குளிரில் ஆறடி முன்னாலேயே விழுந்தது. நம்பர் கூடக் கூட ஷட்டில் தூரம் போகும்; இங்கே 78 வேண்டும். டாஸ் ஜெயிப்பவரின் டப்பாவில்தான் ஆட்டம் என்பது இந்தப் போட்டியின் வழக்கம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

விளையாட்டுச் சாமான் கடை இருக்கும் கரோல் பாக் ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோ எழுபது ரூபாய். கடை பத்தரைக்குத்தான் திறந்தது. அதுவரை வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். "மேட்ச் கித்னே பஜே?" என்று கடைக்காரர் நேரம் கேட்டார். அதற்குப் பதில் சொல்லாமல், "78 தே தோ பையா, ஜல்தி" என்று சீக்கிரம் தரச்சொல்லி அவசரப்படுத்தினேன். டப்பா நானூற்றைம்பது ரூபாய். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். எனக்குக் காதிலும் எதுவும் நுழையவில்லை.

மதியம் ஒரு மணிக்கு ஆட்டம். பனி விலகி, தகரக் கூரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. டாஸ் எங்களுக்கு. அடித்துப் பார்த்தால் 78 கடைசிக் கோட்டின் மேலேயே விழுந்தது. எதிரணிப் பெண் தன்னுடைய 77 டப்பாவை நீட்டினாள். அவள் தருவதை வாங்குவதா என்று ரோஷம். வேண்டாம் என்றேன். வசந்தா குனிந்து ஷூ லேஸை இறுக்கிக் கட்டினாள்.

மூன்றாவது செட்டில் 19-21 என்று தோற்றோம். கடைசி இரண்டு புள்ளிகளும் நான் வெளியே அடித்தவை.

திரும்பும் ரயிலில் ஆக்ரா தாண்டியதும் கேட்டேன்: "77 எடுத்திருக்கலாமோ?"

"எனக்கு அப்பவே தெரிஞ்சுது."

"சொல்லியிருக்கலாம்ல?"

"காலைலேருந்து நாயா அலைஞ்சு வாங்கிட்டு வந்தே. எப்படிச் சொல்றது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

குளிர்காலத்தில் டெல்லிக்கு ஆடப் போகிறவர்கள் 77, 78 இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள். காலைக்கு 78, வெயில் ஏறிவிட்டால் 77. ஆட்டம் தொடங்கும் நேரத்திலேயே அடித்துப் பாருங்கள். அடித்துப் பார்த்தபின், கூட ஆடுகிறவளை வாய்விட்டு ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.