மோர் ஊற்றப் போன நாட்கள்

எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் தைப்பூசத்துக்கு யாரும் லீவு பாரம் எழுதியதில்லை. எழுதினால்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பந்தல் போடும் நாள், ரதம் கிளம்பும் நாள், பூசத்துக்கு மறுநாள் என்று பொது விடுமுறைக்கு முன்னும் பின்னும் தமிழ் ஆட்கள் வேலைக்குப் போகமாட்டோம். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையோரத்தில் கம்பெனியின் தண்ணீர்ப் பந்தலில் நிற்போம். தயிர், ஐஸ் கட்டி, பிளாஸ்டிக் கோப்பை எல்லாம் கம்பெனி செலவு. எங்கள் சட்டையிலும் கம்பெனி பெயர், பந்தலுக்கு மேலே கட்டிய துணியிலும் கம்பெனி பெயர். முதலாளி வருவார், விபூதி பூசிக்கொள்வார், இரண்டு பேருக்கு மோர் ஊற்றுவார், போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார். அந்த நாட்களுக்குச் சம்பளம் பிடித்ததில்லை.

லீவைப் பார்த்துக்கொள்வது சூப்பர்வைசர் அண்ணன். கடலுக்கு அக்கரையிலுள்ள பாகான் டாலாமிலிருந்து மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து வருகிறவர். எங்கள் வீட்டுக் கல்யாணமோ கருமாதியோ, முதலில் வந்து நாற்காலி விரிப்பவர். "நீங்க போங்கம்மா, ஆபீஸ்ல நான் பேசிக்கிறேன்லா" என்பார். அவர் சொன்னால் ஆபீஸே சொன்ன மாதிரி.

ஒரு வருஷம் தீபாவளி முடிந்ததுமே கம்பெனியை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டது. ஜெலுத்தோங் பாசாரில் மீன் விற்பவர்கூட என்னை விசாரித்தார். எனக்குக் கவலைதான், ஆனால் கிலி இல்லை. என் மகள் எல்லாவற்றையும் படித்துச் சொல்லியிருந்தாள். "கம்பெனி மூடுனா, நீ எவ்ளோ வருஷம் செஞ்சியோ அதுக்குத் தக்கபடி இழப்பீடு கொடுத்தே ஆகணும்மா. மாசாமாசம் சம்பளத்துல பிடிச்சாங்களே வேலை இழப்புக் காப்புறுதி, அதுலயும் கொஞ்ச மாசத்துக்கு வரும்."

கல்யாணத்துக்கு முன்னால் அந்தத் தொழிற்சாலைக்குள் நுழைந்தவள் நான். பசை இயந்திரத்துக்கு முன்னால் நின்று நின்றே முட்டி தேய்ந்துவிட்டது. இந்த வயதில் எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? அந்த இழப்பீடுதான் எனக்கு இருந்த ஒரே பிடி. யாரும் இரக்கப்பட்டுப் போடுவது இல்லை, என் உரிமை என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன்.

பூசம் வந்தது. வழக்கம்போல அண்ணன் போகச் சொன்னார், போனோம். முதலாளியும் வந்தார், மோர் ஊற்றினார், போட்டோ எடுத்தார். பந்தலைப் பிரித்துவிட்டு மறுநாள் காலை வேலைக்குப் போனால் கேட் திறக்கவில்லை. காவலாளி ஆளுக்கொரு கடிதத்தை நீட்டினார். அனுமதி பெறாமலும் தகவல் சொல்லாமலும் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராததால், வேலை ஒப்பந்தத்தை நாங்களே முறித்துக்கொண்டோமாம். அடுத்த மாதம் தொழிற்சாலையை மூடினார்கள். பந்தலுக்கு வராமல் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் இழப்பீடு வாங்கினார்கள். விபூதியோடு நின்ற எங்களுக்குப் பட்டை நாமம்.

தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தோம். விசாரித்த அதிகாரி நல்ல அம்மாள், அதைச் சொல்லியாக வேண்டும். முதலாளி மோர் ஊற்றும் போட்டோவை மேசைமேல் வைத்தேன். பக்கத்தில் நான், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. கம்பெனி அனுப்பிய ஆள் அதை எட்டிப் பார்த்துவிட்டு, அது கோயில் சேவை, விருப்பப்பட்டவர்கள் செய்தது, லீவு வாங்கினார்களா என்பதுதான் இங்கே கேள்வி என்றார். அதிகாரி சூப்பர்வைசர் அண்ணன் பக்கம் திரும்பினார். இவர்களுக்கு லீவு கொடுத்தீர்களா என்று மலாயில் கேட்டார்.

அண்ணன் எங்களைப் பார்க்கவில்லை. "தாக் இங்காட், புவான்" என்றார். ஞாபகம் இல்லையாம்.

"அண்ணே, எம்மக கல்யாணத்துல பந்தி பரிமாறினீங்களே, அதாச்சும் ஞாபகம் இருக்கா?" என்று கத்திவிட்டேன். அதிகாரி என்னை உட்காரச் சொன்னார். ஒரே ஒரு 'ஆமாம்' சொல்லியிருந்தால் போதும். அதற்கு அவருக்கு என்ன செலவு என்று அப்போது எனக்குத் தெரியாது. முதலாளிக்கு மாக் மண்டினில் இன்னொரு தொழிற்சாலை இருப்பதும், அண்ணனுக்கு அங்கே நாற்காலி தயாராக இருப்பதும் பிறகுதான் தெரிந்தது.

அனுமதிக்கு அத்தாட்சி இல்லை என்று புகார் தள்ளுபடியானது. மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். செய்யலாம், வக்கீல் வைக்க வசதி இருந்தால். தானாக வேலையை விட்டவர்கள் கணக்கில் எங்களைச் சேர்த்துவிட்டதால் காப்புறுதியும் இல்லை. சட்டம் நல்ல சட்டம்தான், அதில் எனக்கும் இடம் இருந்தது. ஆனால் உள்ளே போகும் வழியில் அண்ணன் நின்றுகொண்டார். இப்போது நான் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில் பாத்திரம் கழுவுகிறேன். உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை அதுவும்.

அடுத்த பூசத்துக்கு, ரதம் கிளம்பிய நாளில், தண்ணீர்மலைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தேன். அதே சாலை, ஏறக்குறைய அதே இடம், புதுப் பந்தல். மேலே மாக் மண்டின் கம்பெனியின் பெயர். புதுச் சட்டையில் பெண் பிள்ளைகள் ஐந்தாறு பேர். நடுவில் அண்ணன். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் தடுமாறினார், பிறகு கூச்சமே இல்லாமல் கோப்பையை நீட்டினார். "வாம்மா, மோர் குடி. வெயிலா இருக்கு."

வாங்கிக்கொண்டேன். குடிக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கேட்டேன். "லீவு பாரம் எழுதிக் கொடுத்தியாம்மா?"

அவள் சிரித்தாள். "இதுக்கெல்லாம் யாரு பாரம் எழுதுவா, அக்கா? அண்ணன் ஆபீஸ்ல பேசிக்கிறேன்னு சொல்லிட்டாரு."

கோப்பையை மேசைமேல் வைத்தேன்.

"எல்லாரும் போனை எடுங்க. லீவு வேணும்னு அண்ணனுக்கு இப்பவே மெசேஜ் போடுங்க. அவரு சரின்னு பதில் போடட்டும். நான் நின்னு பாத்துட்டுப் போறேன்."

அவர்களுக்கு விளையாட்டாக இருந்தது போலிருக்கிறது, சிரித்துக்கொண்டே அனுப்பினார்கள். அண்ணனின் சட்டைப் பையில் போன் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பிள்ளைகளின் சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணன் போனைத் தொடவே இல்லை, மோர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.