கிரீஸ் வேண்டாத ரோலர்

ஒரகடத்தில் காரும் செல்போனும் செய்கிற பிள்ளைகள் குளித்த தண்ணீர் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. எங்களிடம்தான் வந்தது. வடக்குப்பட்டுப் பக்கம், விடுதிகளுக்குப் பொதுவான கழிவுநீர் நிலையத்தில் நான் எலக்ட்ரீஷியன். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து பென்னலூரில் ஓர் அறையில் நண்பர்களோடு கிடந்தேன். ஊரில் "கம்பெனி வேலை" என்று சொல்லிவைத்திருந்தேன்.

உள்ளே வருகிற கழிவு முதலில் ஆழமான ஒரு கால்வாயில் விழும். அங்கே சல்லடை மிஷின். கம்பிகளில் சிக்கும் முடி, நாப்கின், ஷாம்பூ கவர், கிழிந்த கையுறை எல்லாவற்றையும் சங்கிலியில் பூட்டிய பற்கள் வாரி மேலே கொண்டுவந்து கொட்டும். அந்தச் சங்கிலி அடியில் ஒரு ரோலரைச் சுற்றித் திரும்பும். தொல்லையெல்லாம் அந்த ரோலரில்தான். தண்ணீருக்குள்ளேயே கிடப்பதால் கிரீஸ் வைக்கவும் ஆள் இறங்க வேண்டும், மாற்றவும் ஆள் இறங்க வேண்டும். யாரும் உள்ளே இறங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதைச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்திருந்தார்கள். இறங்கியது, என் ஷிப்டில் ஆபரேட்டராக இருந்த அண்ணன்.

அவர் பிள்ளைப்பாக்கத்துக்காரர். ஞாயித்துக்கிழமை சர்ச், மத்த நாளு சாக்கடை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஒருமுறை உள்ளே வாயு தாக்கி மயங்கியவரைத் தூக்கி வெளியே போட்டோம். அன்று ஓடிவந்த அவர் மனைவி, எங்கள் எல்லார் எதிரிலும் சின்ன மகள் தலையில் அவர் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார், இனி இறங்குவதில்லை என்று.

அந்த அமளிக்குப் பயந்தோ என்னவோ, காண்ட்ராக்டர் புது ரோலர் வாங்கினார். உள்ளே தண்டு சுழல்கிற இடத்தில் புஷ் என்கிற கறுப்பு பிளாஸ்டிக் வளையம். மேலே நின்றபடி ஒரு பின்னை உருவி இழுத்தால், கிணற்று வாளி மாதிரி ரோலர் தன் தண்டவாளத்திலேயே மேலே வந்துவிடும். மாட்ட வந்தவர் படித்துப் படித்துச் சொன்னார்: "இதுக்கு கிரீஸே வேணாம். தண்ணிதான் இதுக்கு எண்ணெய். கிரீஸ் வெச்சா மண்ணைப் புடிச்சுக்கும்."

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னாபா, இவ்ளோ ஈசியா கீது! இத்த முன்னாடியே வெச்சிருந்தா நான் இன்னாத்துக்கு உள்ள எறங்கியிருக்கப் போறேன்?" அன்று எல்லோருக்கும் அவர்தான் டீ வாங்கிக்கொடுத்தார்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. அதற்கு எங்கள் நிலையத்தில் ஒரு முறை உண்டு. மிஷின்களைக் கழுவி, கிரீஸ் வைத்து, அப்புறம்தான் சந்தனம் குங்குமம். அண்ணன் பொட்டு வைக்க மாட்டார், கற்பூரத் தட்டைத் தொட மாட்டார். பூஜையில் அவர் பங்கு கிரீஸ். வருஷா வருஷம் எல்லா மிஷினுக்கும் அவர் கையால்தான். வேறு யாரும் அந்த டப்பாவைத் தொட்டால் கோபம் வரும்.

அன்று புது ரோலரையும் மேலே இழுத்தார்.

"அண்ணே, இதுக்கு வேண்டாம்னு அன்னைக்கே சொன்னாங்கல்லா?" என்றேன்.

"இருக்கட்டும்பா. நல்ல நாளும் அதுவுமா எல்லாத்துக்கும் வெச்சுட்டு இத்த மட்டும் காய வுடறதா? என்னைக் காப்பாத்துறதே இதானே."

குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல புஷ்ஷிலும் தண்டவாளத்திலும் வழிய வழியப் பூசினார். பூசணிக்காய் உடைத்தோம், பொரி தின்றோம். யாருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை.

மழை பிடித்ததும் கழிவோடு மண்ணும் வந்தது. ஒரு நாள் காலை, விடுதிகளில் எல்லோரும் குளிக்கிற நேரத்தில், மிஷின் முனகி நின்றுவிட்டது. கால்வாயின் ஷட்டரை இறக்கித் தண்ணீரை வடித்தோம். பின்னை உருவினோம். ரோலர் அசையவில்லை. முடியும் மண்ணும் கிரீஸோடு சேர்ந்து தண்டவாளம் நெடுகக் கல்லாக இறுகியிருந்தது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சூப்பர்வைசர் போனில் கத்தினார்: "ஹாஸ்டல்ல பாத்ரூமெல்லாம் ரொம்பிக்கினு வருதாம். எப்படியாவது எடுங்கய்யா!" எப்படியாவது என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இறங்கு என்ற வார்த்தை மட்டும் அவர்கள் வாயில் வராது. அந்த ஆத்திரம் எனக்கு இன்றுவரை அடங்கவில்லை.

"ஸ்டோர்ல பாரம் தூக்குற செயின் பிளாக் கிடக்கு, எடுத்துட்டு வாரேன். இழுத்துப் பார்ப்போம். நீங்க இறங்கிராதீங்க" என்றேன்.

"நான் வெச்ச கிரீஸுபா" என்றார். "சரி, நீ போய்ட்டு வா."

திரும்பி வந்தபோது ஏணிப் பக்கத்தில் அவர் செருப்பு கிடந்தது. கத்தினேன். பதில் இல்லை. நானும் ஏணியில் கால் வைத்தேன். தோட்டவேலை செய்கிற பெரியவர் என் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்துப் போட்டார். தீயணைப்பு வண்டி வந்து தூக்கியபோது அண்ணனுக்கு உயிரில்லை.

சுவரிலிருந்த எழுத்துக்குப் புதுசாகப் பெயிண்ட் அடித்தார்கள்.

அடக்கம் முடிந்த பிறகு ஒரு நாள் பிள்ளைப்பாக்கம் போனேன். அவர் மனைவியை நான் எங்கள் ஊர் வழக்கத்தில் மதினி என்றுதான் கூப்பிடுவேன். முன்பெல்லாம் அதைக் கேட்டாலே சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். ஆளு எறங்கவே வேணாம்னுதானே அந்த ரோலரு வந்துது? பூஜை அன்னிக்கி வூட்டுக்கு வந்து, 'என் கையாலயே கிரீஸ் வெச்சுக்கீறேன், இனிமே அது சிக்கவே சிக்காது, நீ பயப்படாதே'ன்னாரு. கையக்கூட கழுவாம பாப்பாவைத் தூக்கிக்கினாரு. அப்புறம் எப்படி தம்பி சிக்கிச்சு?"

மகள் அவர் பக்கத்தில்தான் நின்றாள். மஞ்சள் கவுனின் இடுப்புப் பக்கம் கறுப்பாகக் கறை, துவைத்தும் போகாமல்.

"மண்ணு அடைச்சிட்டு, மதினி."

"கிரீஸ் வெச்சுமா?"

அந்தக் கறையைப் பார்க்காமல் சொன்னேன்.

"ஆமா மதினி. அண்ணன் அவ்வளவு கிரீஸ் வெச்சும்."