பேன்சீப்பும் படச்சுருளும்

எதிர்வீட்டுப் பெண் தன் மகளை வாசற்படியில் உட்கார வைத்துப் பேன்சீப்பால் இழுத்துக்கொண்டிருந்தாள். வேப்பெண்ணெய் வாடை தெருவைத் தாண்டி என் நாற்காலி வரைக்கும் வந்தது. அவ்வளவுதான், ரூபியின் ஞாபகம் வந்துவிட்டது, கூடவே வயிற்றெரிச்சலும். இந்த வயதிலுமா என்று சிரிப்பீர்கள். நன்றாகச் சிரியுங்கள்.

ரூபி என் சித்தி மகள். நாமக்கல்லில் வளர்ந்தவள். நான் சேலத்தில் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்தைய வருஷங்களில், எங்கள் சபையிலிருந்து சிலர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஊழியம் செய்யப் போவதென்று ஏற்பாடாயிற்று. அங்கே கொழுந்து பறித்தவர்களில் நம் ராசிபுரம், நாமக்கல் பக்கத்து ஜனங்கள் ஏராளம். பிள்ளைகளுக்கு ஊழியம் செய்ய அங்கேயே தங்க ஒரு பெண் வேண்டும், யாருக்கு அழைப்பு வருகிறதோ அவர் தங்கலாம் என்று போதகர் சொல்லியிருந்தார். அந்த ஒருத்தி நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உபவாசம் இருந்து ஜெபித்தேன். மலைக்குளிருக்கென்று கம்பளிகூட ஒன்றுக்கு இரண்டாக எடுத்து வைத்தேன். ஆண்டவர் கூப்பிடும்போது பல் கிட்டிக்கொண்டால் பதில் சொல்வது எப்படி?

ரூபி எதற்கு வந்தாள் தெரியுமா? கப்பல் பார்க்க.

"நீ மட்டும் தனியா எப்படீக்கா போவே? நானும் வாரேன். கப்பலையும் பாத்தாப்பல ஆச்சு" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். தனுஷ்கோடியில் கப்பல் ஏறியதும் ஒரே வாந்தி. எனக்கு உள்ளூர ஒரு திருப்தி.

என்னிடம் படச்சுருள் இருந்தது. வெள்ளைக்காரத் துரைசானி கொடுத்தது. துணியில் ஒட்டிய வேதாகமப் படங்கள், சுருட்டி வைக்க மேலும் கீழும் மரக்கோல். தோட்டத்து ஜனங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்கு முன்னால் அதை ஒரு மரத்தில் மாட்டி, "பிள்ளைகளே, செவிகொடுங்கள்" என்று சுத்தமான வேதாகமத் தமிழில் ஆரம்பித்தேன். பிள்ளைகள் படத்தைப் பார்த்தார்கள். பார்த்து முடித்ததும் போய்விட்டார்கள்.

எங்கே போயிற்று இந்தக் கூட்டம் என்று தேடினால், தண்ணீர்க் குழாயடிப் பாறையில் ரூபி. மடியில் ஒரு பெண்பிள்ளையின் தலை, சுற்றிலும் முறைக்குக் காத்திருக்கும் தலைகள். பேன் பார்க்கும் மடியிலிருந்து எந்தப் பிள்ளைதான் எழுந்து போகும்?

"நல்லாக் குனி சாமி. யோசேப்புக்கு அவிங்கப்பன் ஒரு சட்டை நெய்யச் சொன்னாரு. எங்கன்னு கேளு? நம்ம சேலத்துப் பக்கம் இளம்பிள்ளையில! அத்தனை கலரும் அந்தத் தறியிலதான் வரும். அதைப் பாத்ததும் அண்ணமாருக்கெல்லாம் வயிறு எரிஞ்சுபோச்சு."

"அப்படியில்லடி! பைபிள்ல இளம்பிள்ளை எங்கடி வந்துச்சு?" என்று கத்தினேன்.

"சட்டைன்னு இருக்குதல்லக்கா? எங்கியோ ஒரு ஊர்ல நெஞ்சுதானே இருப்பாங்க?" என்றாள், பேனை நசுக்கிக்கொண்டே. பிள்ளைகள் என்னை எரிச்சலாகப் பார்த்துவிட்டு, "பெறவு? பெறவு?" என்று அவளைப் பிடுங்கின.

நானும் விடவில்லை. மறுநாள் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு போய் ஒரு குட்டியைப் பிடித்து உட்கார வைத்தேன். அரைத் தலைகூட ஆகவில்லை, "அந்தக்கா பாக்கட்டுங்க" என்று எழுந்து ஓடிவிட்டது. அந்தக்காவாம்!

ஊர் திரும்பும் நாள் காலை ஜெபத்தில் போதகர், "அழைப்பு யாருக்கு வந்திருக்கிறது?" என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். அதற்குள் ரூபி விசும்பினாள். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. இந்தப் புள்ளைங்களை உட்டுப்போட்டு எனக்கு ஊட்டுக்குப் போக மனசு வல்லீங்க."

"இதுதாம்மா அழைப்பு" என்றார் அவர்.

கப்பல் பார்க்க வந்தவளுக்கு! உபவாசம் இருந்தது நான். இரண்டு கம்பளியையும் அவள் பக்கத்தில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். என் பெருந்தன்மைக்காகப் போதகர் தனியாக ஸ்தோத்திரம் செய்தார். வீசி எறிந்தேன் என்பது ஆண்டவருக்குத் தெரியும்.

ரூபி கல்யாணம் கட்டவில்லை, ஊருக்கும் திரும்பவில்லை. வெகுகாலம் கழித்து, தோட்டத்து ஜனங்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்களே, அப்போது ஒரு பெண் ரூபியின் சொந்தக்காரர்களை விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். ரூபியின் மடியில் தலை வைத்த பிள்ளைகளில் ஒருத்தி. அவளுக்கே நரை கண்டிருந்தது. ரூபியை அடக்கம் பண்ணிய நாளில் எந்த லயத்திலும் அடுப்பு எரியவில்லை என்று சொல்லி அழுதாள். பிறகு கேட்டாள்: "எங்க ரூபி டீச்சர்கூட மொதமொதல்ல ஒருத்தங்க வந்தாங்க. எப்பப் பாத்தாலும் 'அப்படியில்ல, அப்படியில்ல'ன்னுக்கிட்டு. அவங்க இப்ப எங்கங்க?"

"செத்துப்போயிட்டா" என்றேன்.

அவளுக்கு இளம்பிள்ளையைப் பார்க்க வேண்டுமாம். பஸ்ஸில் கூட்டிப்போனேன். ஒரு தறிக்கு முன்னால் நின்றவள், ஓடிக்கொண்டிருந்த கலர் நூலை அப்படியே பார்த்தாள். "யோசேப்புக்கு நெஞ்சது இங்கதானுங்களா?"

'அப்படியில்ல' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"ஆமா சாமி, இங்கதான்" என்றேன்.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோயிற்று. அந்தக் கப்பலும் நின்றது. அந்தப் பிள்ளைகள் ஆளுக்கொரு திக்காகப் போய்விட்டார்கள். ரூபியின் சீப்பு கடைசியில் பல்லே இல்லாமல் தேய்ந்து போயிருந்ததாம், அவளோடேயே வைத்துப் புதைத்தார்களாம். என் படச்சுருள் மட்டும் பரணில் இருக்கிறது, ஓர் ஓரம்கூடக் கிழியாமல், புத்தம் புதிதாக.