சின்னக் கிழங்குகள் எங்கே போயின

பிசிலாவுக்குக் கணக்கென்றால் உயிர். தீவு தீவாகப் படகேறிப் போய் விளைச்சலை அளப்பதுதான் வேளாண்மை அலுவலகத்தில் அவள் வேலை. எங்கள் ஹாபாய்த் தீவுகள் பக்கத்தில் பிறந்தவள்தான். ஆனாலும் ஊருக்கு அவள் 'தராசுக்காரி'.

புயல் அடித்த வருஷம் அது. வள்ளிக்கிழங்குக் கொடிகள் பிய்ந்து கிடந்தன. ஒரு கிழங்கின் சராசரி எடை இரண்டு கிலோவுக்குக் கீழே என்று காட்டினால்தான் அந்த ஊருக்கு அரசாங்க அரிசி வரும். பிசிலா எங்கள் ஊர்த் தேவாலய முற்றத்தில் தராசை வைத்தாள். வீட்டுக்கு ஒரு கிழங்கு, கைக்கு வந்ததைக் கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

வந்தார்கள், மரியாதைக்கென்று எங்கள் ஊரில் உடைமேல் சுற்றும் நல்ல பாயை இடுப்பில் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கு வருவதுபோல. விதவை தெலேசியா கொண்டுவந்த கிழங்கை அவளால் தனியாகத் தூக்க முடியவில்லை.

"என்னக்கா, புயலுக்கு உங்க தோட்டத்துக்கு மட்டும் வழி தெரியலையா?"

"பேசாம தூக்கி வை பொண்ணே. உன் தராசு ஒடஞ்சா நான் பொறுப்பில்ல."

நிறுத்த கிழங்குகளை ஊரே கூடிச் சுட்டுத் தின்றது. தெலேசியாவுடையதை மட்டும் பிசிலாவின் மூட்டையில் கட்டிவிட்டார்கள்.

மாலையில் கணக்குப் போட்டாள். சராசரி நான்கு கிலோ. முன்னே பின்னே போனாலும் மூன்றரைக்கும் நாலரைக்கும் நடுவே. இப்படி நூறு தடவை அளந்து எல்லை கட்டினால், தொண்ணூற்றைந்து தடவை உண்மை அந்த எல்லைக்குள் அகப்படும் என்பது பாடம். அரிசி இல்லை என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் அவளுக்கு மனசு ஒப்பவில்லை.

எந்தத் தோட்டத்திலும் நடுத்தரம் நிறைய இருக்கும், சோப்ளாங்கி கொஞ்சம், பூதம் கொஞ்சம். வரைந்தால் மணியைக் கவிழ்த்ததுபோல் இரண்டு பக்கமும் சரிய வேண்டும். இங்கே இடப்பக்கச் சரிவையே காணோம். சின்னக் கிழங்குகள் எங்கே போயின? யோசித்தவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கண் கலங்கியது. அவளுடைய அம்மாவாக இருந்தாலும் இதைத்தானே செய்திருப்பாள்! வந்தவள் கையில் யார் சொத்தைக் கிழங்கைக் கொடுப்பார்கள்? புண்ணியவதிகளே, மரியாதை செய்தே பட்டினி கிடப்பீர்களே என்று வாய்விட்டுச் சொன்னாள்.

தப்பு என்று முகத்துக்கு நேரே சொன்னால் ஊர் கூசிப்போகும். காலையில் தோட்டத்துக் குழிகளுக்கெல்லாம் எண் கொடுத்து, சீட்டு எழுதிக் கூடையில் போட்டுக் குலுக்கினாள்.

"இன்னிக்குக் கிழங்கப் பொறுக்கறது நீங்களும் இல்ல, நானும் இல்ல. சீட்டுதான். சின்னது வந்தா சீட்டத் திட்டுங்க."

பெண்கள் சிரித்தபடி எடுத்தார்கள். தெலேசியாவின் சீட்டு காட்டிய குழியில் முஷ்டியளவுதான் இருந்தது. சட்டென்று அதைப் பாய் மடிப்பில் மறைத்துக்கொண்டாள்.

"இத எழுதாத பொண்ணே. வேற தோண்டித் தரேன்."

"நேத்துக் குடுத்தது ஏதுக்கா?"

"விதைக்கு வெச்சிருந்தது." குரல் இறங்கிவிட்டது. "அது ஒண்ணுதான் மிச்சம்."

"அக்கா, அந்தப் பெருசு உங்க சோத்தக் கெடுத்திருக்கும். இந்தக் குட்டிதான் உங்களுக்குச் சோறு போடப் போகுது. எடுங்க."

தெலேசியா மடிப்பிலிருந்து கிழங்கை வெளியே எடுத்தாள். பிறகு அவளே தராசில் வைத்தாள். முள் அசைந்ததாகவே தெரியவில்லை.

எல்லாம் நிறுத்துக் கூட்டியபோது எல்லையின் மேல்முனைகூட இரண்டு கிலோவைத் தொடவில்லை. அரிசி உறுதி.

மூட்டையிலிருந்த பெரிய கிழங்குதான் பிசிலாவுக்குப் பாரமாக இருந்தது. கொடுத்ததைத் திருப்பினால் எங்கள் ஊரில் அறைந்ததற்குச் சமம். படகேறுவதற்கு முன் அதைத் துண்டு போட்டு, தெலேசியாவின் தோட்டத்தில் தானே நட்டாள்.

"எனக்கேது நிலம்? என் கிழங்குக்குக் கொஞ்சம் இடம் குடுங்கக்கா. விளைஞ்சா பாதி உங்களுக்கு."

"பாதிதானா? கஞ்சப் பிசினாறி!" என்றாள் தெலேசியா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த முஷ்டியளவுக் கிழங்கை வாழையிலையில் சுற்றிப் பிசிலாவின் கையில் வைத்தாள்.

விருந்தாளிக்கு அவள் சின்னக் கிழங்கு கொடுத்தது அதுதான் முதல் தடவை.