மாட்டுக் கொட்டாயில ரெண்டு படம்

எங்க வீட்டுக்காரரு பேரு சகாதேவன். வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீஸ்ல கிளார்க்கு. குடி கெடையாது, சீட்டு கெடையாது, சாயந்தரம் ஆறு மணிக்கு டாண்ணு வீட்டுக்கு வந்துடற மனுஷன். "உனக்கு என்னாடி கொறச்சல்"னு என் கூடப் பொறந்தவங்க எல்லாம் கேப்பாங்க. அவங்க வீட்டு வேட்டிய எவனும் படம் காட்டறதுக்குச் செவுத்துல ஆணி அடிச்சு மாட்டலையே, கேக்கத்தான் கேப்பாங்க.

கல்யாணமான புதுசுல ஆபீஸ் ட்ரெய்னிங்னு மெட்ராஸ் போனாரு. அங்க யாரோ கூப்புட்டாங்கன்னு ஒரு வெளிநாட்டுப் படம் பாத்துட்டு வந்தாரு. அன்னிக்குப் புடிச்சது, இன்னும் எறங்கல. மூடிப்போன ஒரு டுடோரியல்ல கெடந்த பழைய புரொஜெக்டரத் தூக்கிட்டு வந்து எங்க கட்டிலுக்கு அடியில வெச்சாரு. ஊர்ல பதினோரு பேர சேத்துக்கிட்டு ஃபிலிம் சொசைட்டி ஆரம்பிச்சாரு. அதுல நாலு பேரு ரமணாசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கற வெள்ளைக்காரங்க. படம் ஓடறப்ப கண்ண மூடி உக்காந்திருப்பாங்க. தூக்கமா தியானமான்னு நான் கேட்டதில்ல.

இவருக்கு உசுரா ஒரு டைரக்டர். அந்தாளு பேரு என் வாய்ல நொழையாது. அந்தாளு படத்துல மாடிப்படி நேரா கடலுக்குள்ள போகும். ஆளுங்க கூரையில தலகீழா நடந்துக்கிட்டே காப்பி குடிப்பாங்க. "கனவு பாக்கற மாதிரி பாக்கணும் வேதா"ம்பாரு. நான் ஸ்கூல்ல கணக்கு டீச்சர். அம்பது புள்ளைங்க நோட்டத் திருத்திட்டு வந்து படுத்தா எனக்குக் கனவு தானா வருது, அதுக்கு எதுக்கு மிஷினு?

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கிட்டேன். எங்கப்பா விஷயத்துலதான் என் உசுர எடுத்துட்டாரு.

எங்கப்பா தருமன், மலை சுத்தற பாதையில இருக்கற அடி அண்ணாமலையில விவசாயம். தொண்ணூத்தி மூணுல டிராக்டர் வந்துட்டதால, பன்னெண்டு வருஷம் வெச்சிருந்த ஜோடி மாட்ட வித்தாரு. மாட்ட விக்கலாம், கயித்தக் குடுக்கக் கூடாது, குடுத்தா வூட்டு லட்சுமியும் கூடவே போயிடும்னு எங்க பக்கத்துல ஒரு வழக்கம். வாங்க வந்தவன் அவன் கயித்தக் கட்டி ஓட்டிட்டுப் போனான். அப்பா பழைய கயிறு ரெண்டையும் கொட்டாய்ல ஆணியில மாட்டிட்டு ரெண்டு நாளு சோறு திங்கல.

நாலாம் நாளு இந்த மனுஷன், மாமாவுக்கு மனசு மாறட்டும்னு அவரப் படத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு. என்ன ஒரு வார்த்த கேட்டாரா? அந்தப் படத்துல கோட்டு சூட்டு போட்ட ஒருத்தன், மாட்டுத் தலையோட மேஜையில உக்காந்து பேப்பர் படிக்கிறானாம். பொண்டாட்டி அவனுக்குத் தட்டுல வைக்கோல் வைக்கிறாளாம். வெள்ளைக்காரங்க சிரிச்சிருக்காங்க. அப்பா எழுந்து வந்துட்டாரு. தன்னக் கேலி பண்ணத்தான் கூட்டிட்டுப் போனதா அவரு நெனப்பு. அதோட எங்க வாசப்படி மிதிக்கல. மாப்பிள்ளைங்கற சொல்லே வாய்ல வரல. நான் போனா, "உன் வீட்டுக்காரன் எப்படிக் கீறான்"ம்பாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல தபால்காரி வேல பாத்துப் பாத்து எனக்குச் சலிச்சுப் போச்சு.

தொண்ணூத்தாறு தை மாசம், இவரு மூஞ்செல்லாம் சிரிப்பா வந்தாரு. "அந்த டைரக்டர் வயசானப்புறம் ரெண்டு படம் எடுத்திருக்காரு வேதா. கனவு கினவு எதுவும் இல்ல, மனுஷங்களப் பத்தி. ஒண்ணு பள்ளிக்கூடத்துல மணி அடிக்கிற பொம்பள கத. இன்னொண்ணு மாடு விக்கப் போற பெரியவரு கத. ஒரே நாள்ல ரெண்டையும் போடறோம். மாமா பாக்கணும்."

"மறுபடியும் மாடா?"

"இது வேற மாடு."

"இதுலயும் அவரு எழுந்து போனாருன்னா, அப்புறம் சாகற வரைக்கும் நம்ம வீட்டுக்கு வரமாட்டாரு. தெரிஞ்சுதான் பண்றீங்களா?"

"தெரிஞ்சுதான்"னாரு.

எந்த ஞாயித்துக்கிழமைன்னு காலண்டரப் பாத்தேன். பௌர்ணமி. இந்த ஊர்ல காதுகுத்து வெக்கறவங்க கூட மொதல்ல பௌர்ணமி எப்பன்னு பாப்பாங்க. அன்னிக்கு பஸ்ஸு ஊருக்குள்ளயே வராது, மலை சுத்தற கூட்டம்தான் ரோடு பூரா. இவரு, படப்பெட்டி எப்ப வரும்னு மெட்ராஸ்ல இருந்து வந்த லெட்டர மட்டும் பாத்துத் தேதி குடுத்திருக்காரு. அப்பாவும் பௌர்ணமியன்னிக்கு வீட்டு முன்னாடி மோர்ப்பந்தல விட்டு நகர மாட்டாரு.

"அப்ப நாம அங்க போயிடலாம். இருட்டா ஒரு எடம் இருந்தா போதும். உங்க மாட்டுக் கொட்டாய் காலிதான?"

தலையில அடிச்சுக்கிட்டேன். இருந்தாலும் எங்கம்மா தங்கம்மாள விட்டுக் கேக்கச் சொன்னேன். "சும்மாதான கெடக்குது, போட்டுக்கச் சொல்லு"ன்னாராம் அப்பா.

மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆட்டம். கொட்டாயச் சுத்தி தார்ப்பாய் கட்டி, உள்ள வேட்டியத் தொங்கவிட்டு, இவரு வாசல்ல நின்னு மெம்பருங்க பேர டிக் அடிச்சுக்கிட்டு இருந்தாரு. பதினோரு பேரும் செருப்பக் கழட்டிட்டு வரிசையா நின்னாங்க. அங்கதான் வந்துது வெனை. கிரிவலப் பாதையில பத்துப் பேரு வரிசையா நின்னா அது அன்னதானம்தான். யாரும் விசாரிக்க மாட்டாங்க, பின்னால போய் நின்னுடுவாங்க. கால் மணி நேரத்துல உள்ள அறுவது பேரு, எலைக்கு எடம் விட்டு, சம்மணம் போட்டு உக்காந்துட்டாங்க. "எலை போடுவாங்களாம்மா, தொன்னையா?"ன்னு ஒரு அம்மா என்னக் கேக்கறாங்க.

இவரு பூரிச்சுப் போயிட்டாரு. "பாத்தியா வேதா, நல்ல படத்துக்குக் கூட்டம் வராதுன்னியே."

எழுப்பி அனுப்பலாம்னு நான் போறதுக்குள்ள அப்பா பாத்துட்டாரு. "நம்ம எடத்துல சோத்துக்கு உக்காந்தவங்கள எழுப்பறதா?"ன்னு பின்னாடி அடுப்ப மூட்டி அண்டாவ ஏத்திட்டாரு. யாருக்காக இத்தன பாடோ, அந்த அப்பா புளி கரைச்சுக்கிட்டு நிக்கிறாரு. மணி அடிக்கிற பொம்பள கத ஓடி முடிஞ்சே போச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மிஷினத் தூக்கிக் கெணத்துல போட்டிருப்பேன்.

ரெண்டாவது படம் ஆரம்பிக்கறப்பதான் இன்னொண்ணு என் கண்ணுல பட்டுது. வேட்டிய இழுத்துக் கட்டியிருந்தது அப்பாவோட மாட்டுக் கயித்துல. ரெண்டு மூலைக்கும் ரெண்டு கயிறு. ஆணியில கெடந்துது, இவரு எடுத்துக் கட்டிட்டாரு. இத அப்பா பாத்தா அவ்வளவுதான்.

அப்பா புளிசாத வாளியோட உள்ள வந்தாரு. படத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு வரிசையா பரிமாறினாரு. நாலாவது ஆளுகிட்ட வந்தப்ப படத்துல மாடு கத்துச்சு. திரும்பிப் பாத்தாரு. ஒரு பெரியவரு ஆத்தங்கரையில மாட்டோட நிக்கறாரு. மாடு தண்ணியில எறங்க மாட்டேங்குது. பேச்சே இல்ல. அப்பா கரண்டியோட அப்பிடியே நின்னுட்டாரு. அவரு நெழலு வேட்டியில விழுந்து பாதிப் படத்த மறைச்சுது.

"பெரியவரே, மறைக்குது"ன்னு ஒருத்தரு சொன்னாரு. அப்பா வாளிய வெச்சுட்டு, மாடு கட்டற கம்பத்தாண்டயே தரையில உக்காந்துட்டாரு. மிச்சப் பேருக்கு அம்மாதான் சோறு போட்டாங்க.

படத்துல சந்தையில மாட்ட வித்தாச்சு. அந்தப் பெரியவரு மாட்டோட கழுத்துக் கயித்த அவுத்துச் சுருட்டித் தோள்ல போட்டுக்கிட்டு, வந்த வழியே தனியா நடக்கறாரு. வீட்டுக்கு வந்து ஆணியில மாட்டறாரு. அதோட படம் முடிஞ்சுது. கூட்டம் கை கழுவ எழுந்து போயிடுச்சு.

அப்பா எழுந்திருக்கல. வேட்டி கட்டியிருந்த கயித்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. இவரும் அப்பதான் என்னா பண்ணி வெச்சிருக்கோம்னு புரிஞ்சு கிட்ட ஓடி வந்தாரு.

"மாமா, தெரியாம..."

"அந்த ஊர்லயும் கயித்தக் குடுக்க மாட்டாங்களா மாப்ள?"

மூணு வருஷம் கழிச்சு வந்த வார்த்த. இவரு ஆமான்னு தலைய ஆட்டினாரு.

"இன்னொரு வாட்டி போடுங்க. படப்பெட்டிய இன்னிக்கே பஸ்ல ஏத்தணுமா?"

"இன்னிக்கு பஸ்ஸு வராது மாமா. பௌர்ணமி."

மறுபடி போட்டாரு. நாங்க நாலு பேரு மட்டும் பாத்தோம். அப்பா தோள் துண்டால கண்ணத் தொடச்சத நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன்.

முடிஞ்சதும் இவரு கயித்த அவுத்து ஆணியில மாட்டப் போனாரு. அப்பா வாங்கி, ரெண்டையும் சுருட்டி இவரு கையிலயே வெச்சாரு. "எடுத்துட்டுப் போங்க. அடுத்த மாசம் படம் பாக்க நான் அங்க வரேன், இதுலயே கட்டுங்க."

"அப்பா, கயித்தக் குடுக்கக் கூடாதும்பியே."

"வெளியாளுக்குத்தான்டி குடுக்கக் கூடாது"ன்னுட்டு வாளியக் கழுவப் போயிட்டாரு.